ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார்

மனித உடலில் ஓய்வறியாது உழைக்கும் உறுப்பு இதயம். நாம் உறங்கும்போதும் அஃது உறங்குவதில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் முறை துடித்து உடலெங்கும் குருதியைச் செலுத்துகின்றது. இத்தகைய உறுப்புக்குப் பகையாய் அமைவன பல. உணவின் மிகுதியும், உழைப்பின் குறைவும், புகைப் பழக்கமும் அதற்குக் கேடு செய்யும் என்பதைப் பலரும் அறிவர். ஆயின், கண்ணுக்குப் புலனாகாத துகளாகவும் ஆவியாகவும் மூச்சுடன் உட்புகுந்து, எலும்பில் குடியேறி, ஆண்டுகள் பல சென்ற பின்னரும் குருதிக் குழாய்களையும் இதயத்தையும் நலியச் செய்யும் உலோக நஞ்சுகளும் உண்டு. அவற்றுள் தலையாயது ஈயம். அதன் தீமையை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொழிற்சாலைதோறும் சென்று கண்டறிந்து, அதனைத் தடுக்கும் சட்டங்கள் பிறப்பதற்கு வழிகாட்டிய பெருமாட்டியார் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் ஆவார்.

இளமையும் கல்வியும்

ஆலிஸ் அம்மையார் 1869-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். இந்தியானா மாநிலத்திலுள்ள போர்ட் வேன் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தையார் மான்ட்கோமரி ஹாமில்டன். தாயார் கெர்ட்ரூடு அம்மையார். இவர்களுக்குப் பிறந்த பெண்மக்கள் நால்வருள் ஆலிஸ் இரண்டாமவர். மூத்தவராகிய ஈடித், பிற்காலத்தில் கிரேக்க நாட்டின் பண்பாட்டைப் பற்றி நூல்கள் இயற்றிப் பெரும்புகழ் எய்தினார்.

இளமையில் இச்சிறுமியர் பள்ளிக்குச் செல்லவில்லை. வீட்டிலேயே மொழிகளையும் இலக்கியத்தையும் கற்றனர். வினா ஒன்று எழுந்தால், அதற்குரிய விடையைப் பிறர் கூறக் கேட்டு அமையாமல், நூல்களைப் புரட்டித் தாமே தேடிக் காண வேண்டும் என்று தந்தையார் பயிற்றினார். தாமே சென்று தாமே காணும் இப்பழக்கம் ஆலிஸின் வாழ்நாள் முழுவதற்கும் கைவிளக்காய் அமைந்தது.

தந்தையாரின் வாணிகம் நொடித்தது. அதனால் பெண்மக்கள் தம் வாழ்க்கைக்குத் தாமே வழிதேட வேண்டிய நிலை நேர்ந்தது. எந்த நாட்டிற்குச் சென்றாலும், எத்தகைய மக்களிடையே வாழ்ந்தாலும், பிறருக்குப் பயன்பட உதவும் தொழில் மருத்துவமே என்று கருதி, ஆலிஸ் அதனையே தேர்ந்தார். அறிவியலில் தமக்கிருந்த குறையை இடைவிடாத உழைப்பால் நிறைவு செய்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1893-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்த் தம் தமக்கையாருடன் செருமனி நாட்டிற்குச் சென்று, லைப்சிக், மூனிக் ஆகிய நகரங்களில் மேற்படிப்பை மேற்கொண்டார். பெண்கள் பல்கலைக்கழகத்தில் பயில்வதை அக்காலத்தில் அந்நாட்டவர் விரும்பவில்லை. ஆதலின், பிறர் கண்ணில் படாமல் ஒதுங்கியிருந்து பாடங் கேட்க வேண்டியிருந்தது. அம்மையார் அதற்காக மனந்தளரவில்லை.

ஏழையர் நடுவில்

1897-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அம்மையார் நோய்க்குறியியல் ஆசிரியராய் அமர்ந்தார். அந்நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் என்பார், ஏழை மக்களின் நலங்கருதி ஹல் இல்லம் என்னும் தொண்டு நிலையம் ஒன்றை நிறுவியிருந்தார். ஆலிஸ் அம்மையார் அதனையே தம் உறைவிடமாகக் கொண்டு, அங்கே 22 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவ்வில்லத்தைச் சூழ்ந்த தெருக்களில், இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். ஆங்கிலம் அறியாதவர் பலர். அம்மையார் அவர்தம் குழந்தைகளுக்கு மருத்துவ உதவி செய்தார். அவர்களுடன் பழகப் பழக, வியப்பும் துயரும் ஒருங்கே தரும் காட்சி ஒன்று அவருக்குத் தெரிந்தது. கட்டிளங்காளையராய்த் தொழிற்சாலைக்குச் சென்றவர் சில ஆண்டுகளிலேயே முதியவர்போல் தளர்ந்து வீடு திரும்பினர். சிலருக்குக் குடலைப் பிடித்து முறுக்கும் வயிற்றுவலி. சிலருக்கு மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கிப் போயிற்று. சிலர் அறிவு கலங்கினர். குடியும் தூய்மைக் குறைவுமே இவற்றுக்குக் காரணம் என்று முதலாளிகள் கூறினர். உழைப்பவர் மீதே பழி சுமத்தப்பட்டது.

இந்நிலையில், இங்கிலாந்து நாட்டு மருத்துவராகிய தாமஸ் ஆலிவர் தீங்கு விளைக்கும் தொழில்களைப் பற்றி எழுதிய நூலை அம்மையார் படித்தார். ஐரோப்பிய நாடுகளில் தொழில்வழி வரும் நோய்களைத் தடுக்கச் சட்டங்கள் இருந்தன. அமெரிக்காவிலோ அவற்றைப் பற்றிய கணக்குக்கூட இல்லை. இக்குறையைத் தீர்ப்பதே தம் கடமை என அவர் உறுதி பூண்டார்.

ஈயத்தைத் தேடிய பயணம்

1910-ஆம் ஆண்டு இல்லினாய் மாநில அரசு, தொழில்வழி நோய்களை ஆராயும் பொறுப்பை அம்மையாரிடம் ஒப்படைத்தது. அத்தகைய ஆராய்ச்சி அந்நாட்டில் அதற்கு முன் நடைபெற்றதில்லை. பின்பற்றிச் செல்ல ஒரு சுவடும் இல்லாத வழியில் அவர் நடக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஈயம் பயன்படாத தொழில் அரிது. வீடுகளுக்குப் பூசும் வண்ணத்தில் ஈய வெள்ளை என்னும் பொடி கலக்கப்பட்டது. மின்கலம் செய்வோர், அச்செழுத்து வார்ப்போர், மட்கலங்களுக்கு மெருகிடுவோர் ஆகிய அனைவரும் ஈயத்தைக் கையாண்டனர். அம்மையார் தொழிற்சாலைக்குள் புகுந்து, உலையருகில் நின்று, தூசி படர்ந்த ஏணிகளில் ஏறி, ஒவ்வொரு வேலையும் எவ்வாறு நடைபெறுகிறது என்று கூர்ந்து நோக்கினார். மருத்துவமனைகளில் நோயாளர் பதிவேடுகளை ஆராய்ந்தார். பதிவேடுகளில் நோயாளர் செய்த தொழில் இன்னதென்று பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. ஆதலின், அவர்தம் வீடுகளைத் தேடிச் சென்று, மனைவிமாரிடமும் அண்டை அயலாரிடமும் கேட்டறிந்தார்.

நிகழ்ச்சி ஒன்றால் அவர் உழைப்பின் திறம் விளங்கும். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவர் ஈய நஞ்சால் நோயுற்றிருந்தார். அம்மையார் முன்னரே அத்தகைய தொழிற்சாலையைப் பார்வையிட்டிருந்தும், அங்கே ஈயத்தைக் கண்டதில்லை. வினவியபோது, அவர் கண்டது இறுதி மெருகு வேலை மட்டுமே என்பதும், செந்தணலாய்க் காய்ந்த தொட்டியின்மீது எனாமற் பொடியைத் தூவும் வேலை வேறோர் இடத்தில் நடைபெறுகிறது என்பதும் தெரியவந்தன. அப்பொடியில் சிறிதளவு பெற்று ஆராய்ந்தபோது, அதில் நூற்றுக்கு 20 பங்குவரை கரையும் ஈயம் இருந்தது. கண்டதே காட்சி என்று திரும்பியிருப்பின் அவ்வுண்மை வெளிப்பட்டிராது.

கை கழுவாமல் உண்பதாலேயே ஈயம் உடலிற் சேர்கிறது என்பது அந்நாளைய கொள்கை. அம்மையாரின் ஆராய்ச்சி அதனை மறுத்தது. காற்றிற் பறக்கும் தூசியும் உருகும் உலோகத்தின் ஆவியும் மூச்சுவழி உட்செல்வதே பெருங்காரணம் என்று அவர் நிறுவினார். எனவே குற்றம் தொழிலாளியின் கையில் இல்லை. தொழிற்சாலையின் காற்றில் இருந்தது. கையைக் கழுவுவது தொழிலாளியின் கடமையாகலாம். காற்றைத் தூய்மை செய்வது முதலாளியின் கடமையன்றோ!

எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகளில் ஈயத்தால் தீங்கு நேர்வதும், 578 பேர் ஈய நஞ்சால் நோயுற்றதும் அவ்வாராய்ச்சியால் வெளிப்பட்டன. அதன் பயனாக, 1911-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் தொழில்வழி நோய்த் தடுப்புச் சட்டம் பிறந்தது. தீங்கான தொழில் செய்வோர்க்குத் திங்கள்தோறும் மருத்துவ ஆய்வு நடத்த வேண்டும் என அச்சட்டம் விதித்தது.

சொல்லால் வென்ற வெற்றி

இதற்கிடையே நடுவண் அரசின் தொழில் துறை, நாடு முழுவதும் இவ்வாராய்ச்சியை நடத்துமாறு அம்மையாரை அழைத்தது. அப்பணிக்கு மாத ஊதியம் இல்லை. ஆராய்ச்சி முடிந்தபின் அறிக்கையை அரசு விலைகொடுத்துப் பெறும் என்பதே ஏற்பாடு. தொழிற்சாலைக்குள் நுழையும் அதிகாரமும் அவருக்குச் சட்டத்தால் வழங்கப்படவில்லை. கதவைத் தட்டி, இன்சொல் கூறி, இசைவு பெற்றே உள்ளே செல்ல வேண்டும். அவர் கையில் இருந்த கருவிகள் இரண்டு: ஒன்று உண்மை, மற்றொன்று பணிவு.

எட்வர்டு கார்னிஷ் என்பவர் பெரிய ஈய நிறுவனம் ஒன்றின் தலைவர்களுள் ஒருவர். அவருடைய ஆலையில் தொழிலாளர் நஞ்சுண்டு வருந்துகின்றனர் என்று அம்மையார் கூறியபோது, அவர் அதனை நம்பவில்லை. சான்று காட்டினால் ஆவன செய்வதாக வாக்களித்தார். அம்மையார் வாளா இருக்கவில்லை. தேடியலைந்து, ஐயத்துக்கு இடமில்லாத 22 பேரின் நோய்க் குறிப்புகளை அவர்முன் வைத்தார். கார்னிஷும் சொன்ன சொல் தவறாதவர். தூசியும் ஆவியும் பரவாமல் தடுக்கும் அமைப்புகளைத் தம் ஆலைகளில் ஏற்படுத்தினார். தொழிலாளரை ஆராய மருத்துவர்களையும் அமர்த்தினார். பகைவர் எனக் கருதத்தக்கவரையும் துணைவராக்கிக் கொள்ளும் ஆற்றல் அம்மையாருக்கு இருந்தது. உண்மையைச் சினமின்றி எடுத்துரைப்பவர்க்கு அவ்வாற்றல் தானே வந்தமையும்.

1919-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை மருத்துவக் கல்லூரியில் துணைப் பேராசிரியராய் அமர்த்தியது. அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி பெற்ற முதற்பெண்மணி அவரே. எனினும், ஆசிரியர் மன்றத்திற்குள் நுழைதல் கூடாது. கால்பந்தாட்டத்திற்கு நுழைவுச்சீட்டுக் கேட்டல் கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் செல்லுதல் கூடாது என மூன்று தடைகள் விதிக்கப்பட்டன. 1935-இல் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பதவி உயர்வும் கிட்டவில்லை. அம்மையார் அவற்றைப் பொருட்படுத்தாது, கற்பிப்பதிலும் ஆராய்வதிலும் கருத்தூன்றினார். 1925-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட தொழில் நஞ்சுகளைப் பற்றிய நூல், அத்துறையில் அமெரிக்காவில் தோன்றிய முதற்பாடநூல் எனப் போற்றப்படுகிறது.

கேளாது விட்ட எச்சரிக்கை

அதே ஆண்டில் அம்மையார் மற்றொரு போராட்டத்திலும் ஈடுபட்டார். மோட்டார் வண்டியின் எந்திரம் முட்டொலியின்றி ஓடுவதற்காக, டெட்ரா எதில் ஈயம் என்னும் பொருளைப் பெட்ரோலில் கலக்கும் முறை அப்போது தோன்றியிருந்தது. 1924-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நியூஜெர்சி மாநிலத்தில் அப்பொருளைச் செய்த ஆலையில் தொழிலாளர் பலர் அறிவு கலங்கினர்; ஐவர் இறந்தனர். நாடு திடுக்கிட்டது. 1925-ஆம் ஆண்டு மே திங்கள் 20-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் அதனை ஆராய மாநாடு ஒன்று கூடியது.

மாநாட்டில் பேசிய அம்மையார், ஈயம் புகுந்த இடத்தில் நோயும் புகாமல் இராது என்று எடுத்துரைத்தார். ஆலைக்குள் ஈயத்தை அடக்கி வைக்கலாம். வண்டியின் புகையாய்த் தெருவெங்கும் பரவிய ஈயத்தை யாரால் அடக்க இயலும் என்பதே அவர்தம் கவலை. ஈயத்திற்கு மாற்றாக வேறு பொருளைத் தேட வேண்டும் என்றும் அவர் வேண்டினார். ஆனால், மாநாட்டின்பின் அமைந்த குழு, அதனைத் தடை செய்யத் தக்க காரணம் இல்லை என்று 1926-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறிவித்தது. ஆராய்ச்சி தொடர வேண்டும் என்றும் கூறியது. விற்பனை மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், உலகின் நகரங்களிலெல்லாம் மக்கள் ஈயம் கலந்த காற்றையே உள்ளிழுத்தனர்.

ஈயமும் இதயமும்

அம்மையார் தம் கண்ணால் கண்டவை பெரும்பாலும் ஈயம் மிகுதியாய் உட்சென்றதால் விரைந்து தோன்றிய நோய்கள். நெடுங்காலம் ஈயத்தோடு பழகியவரிடத்தில் குருதி அழுத்தம் உயர்வதையும் குருதிக் குழாய்கள் தடிப்பதையும் மருத்துவர் சிலர் 19-ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருந்தனர். எனினும், ஆலைக்குள் புகாத பொதுமக்களுக்கும் சிற்றளவு ஈயத்தால் அத்தீங்கு நேரும் என்பது பின்னாளைய ஆராய்ச்சிகளாலேயே தெளிவாயிற்று.

ஈயம் சுண்ணச்சத்தைப் போல் நடித்து உடலை ஏமாற்ற வல்லது. அதனால், வயதுவந்தோர் உடலில் சேர்ந்த ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பிலேயே தங்கிவிடுகிறது. அங்கே பல்லாண்டுகள் உறங்கியிருந்து, முதுமையில் எலும்பு தேயும்போது மீண்டும் சிறிது சிறிதாய்க் குருதியிற் கலக்கிறது. இளமையில் உட்கொண்ட நஞ்சு முதுமையில் மீண்டு வந்து தாக்குகிறது. குருதிக் குழாயின் உட்சுவர் தளர்ந்து விரிவதற்கு உதவும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளை ஈயம் குறைக்கிறது. அதனால் குழாய் சுருங்குகிறது. குருதி அழுத்தம் உயர்கிறது. சிறுநீரகமும் பழுதுற்று, அவ்வழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது. இறுகிய குழாய்களின் வழியே குருதியைத் தள்ளும் இதயம், வரவர இளைத்துப் போகிறது.

ஈயத்தைப் போன்றே, புகையிலைப் புகையிலுள்ள காட்மியமும், சிலவிடங்களில் நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்சனிக்கும் இதயத்துக்குப் பகையாவன. இம்மூன்றுக்கும் மாரடைப்பு முதலிய இதய நோய்களுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்க இதயச் சங்கம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று எடுத்துக் காட்டியது. தீங்கு செய்யாத ஈய அளவு என்று ஒன்றைக் கூற இயலாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. 1925-ஆம் ஆண்டில் அம்மையார் கொண்ட அச்சம் வீண் அச்சம் அன்று எனக் காலம் காட்டிவிட்டது.

நிறைவாழ்வு

ஓய்வு பெற்ற பின்னரும் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. செயற்கைப் பட்டு ஆலைகளில் பயன்படும் கார்பன் டைசல்பைடு என்னும் நஞ்சாவியின் தீமையை 1930-களின் இறுதியில் ஆராய்ந்தார். அவ்வாவி இதய நோயைப் பெருக்குவது என்பதும் பிற்காலத்தில் புலனாயிற்று. 1943-ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை நூலாய் வெளியிட்டார். 1947-ஆம் ஆண்டு லாஸ்கர் பரிசு அவரை நாடி வந்தது.

கனெக்டிகட் மாநிலத்தில் ஹாட்லைம் என்னும் சிற்றூரில் தம் முதுமைக் காலத்தைக் கழித்த அம்மையார், 1970-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், 101-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் மறைந்து மூன்று திங்கள் கழிந்தபின், அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் நாள், தொழிலாளரின் நலத்தையும் பாதுகாப்பையும் நாடு முழுவதும் காக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழக்கத்தை அமெரிக்கா 1970-களில் குறைக்கத் தொடங்கி, சாலையில் ஓடும் வண்டிகளுக்கு 1996-ஆம் ஆண்டு முற்றிலும் விலக்கியது. மக்களின் குருதியில் இருந்த ஈயத்தின் அளவும் பெரிதும் குறைந்தது. வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற இறுதி நாடாகிய அல்ஜீரியாவும் 2021-ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. அம்மையார் விடுத்த எச்சரிக்கையை உலகம் முழுவதும் ஏற்பதற்கு 96 ஆண்டுகள் ஆயின.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அது தணியும் வழியைக் காண வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. ஆலிஸ் அம்மையார் காரணத்தைத் தேடி மருத்துவமனையில் மட்டும் நிற்கவில்லை; நோயாளி வாழ்ந்த வீட்டிற்கும் உழைத்த ஆலைக்கும் நடந்து சென்றார். பழியைச் சுமந்து நின்ற ஏழையின்மீது குற்றமில்லை என்பதை உலகறியச் செய்தார். ஈயத்தின் நஞ்சு மெல்ல வேலை செய்வது; உண்மையும் மெல்லவே வேலை செய்வது. ஆயினும், அதனை அஞ்சாது எடுத்துரைப்பார் ஒருவர் இருப்பின், அவர் காலத்திற்குப் பின்னரேனும் அது வெல்லும் என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்றாகும்.